பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர்

வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் ஒருவர் பட்டாளத்திலிருந்து விடுபட்டு வந்தால், எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டுமென்று சொல்ல அடுத்த வீட்டிலேயே ஒரு சுபேதார் இருப்பார். வீட்டுக்கொருவரை ராணுவத்துக்கு அனுப்பியதாகப் பெயர் பெற்ற ஊரல்லவா அது! நெல்லும் வாய்க்காலுமே உலகமென்றிருக்கும் திருவாரூர்ச் சீமையில் அந்தச் சௌகரியம் அரிது. குடவாசல் பக்கமோ திருத்துறைப்பூண்டிப் பக்கமோ ஒரு கிராமத்துக்குத் திரும்பும் ஹவில்தாருக்கு, சம்பா நாற்று எப்போது விடுவதென்று யோசனை சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். சர்க்கார் தமக்கு என்ன வைத்திருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் அகப்படாது.

பென்ஷனும் கான்டீனும் 2003-இல் வந்த இசிஎச்எஸ் மருத்துவ வசதியும் மத்திய சர்க்காரைச் சேர்ந்தவை. செய்து முடித்த சேவைக்கான கடன் அவை. மாநில சர்க்கார் தருவதோ பெரும்பாலும் இனி வாழவேண்டிய காலத்துக்கானது. 15 ஆண்டு சேவை செய்த சிப்பாய் பென்ஷனுக்கு உரியவராகிவிடுவதால், இளம் வயதில் சேர்ந்தவர் நாற்பதை எட்டுமுன்னரே ஊர் வந்து சேர்ந்து, பென்ஷனோடு இன்னொரு ஜீவன மார்க்கத்தையும் தேட வேண்டியவராகிறார்.

அதன்பொருட்டு 1986-இல் தோன்றியது டெக்ஸ்கோ என்னும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம். அதன் மூலம் கிடைப்பது அநேகமாகக் காவலர் உத்தியோகமே என்பதில் எனக்குப் பூரண திருப்தியில்லை. பீரங்கியைப் பழுது பார்த்தவரை வாயிற்கதவருகே நிறுத்தி வைப்பதில் என்ன லாபம்? அவ்வகையில், 2024 சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் விசேஷமானது. தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன். அதில் 30 சதவீதம் மூலதன மானியம். வட்டியிலும் 3 சதவீதம் மானியம். மன்னார்குடியில் ஐம்பது லட்சம் கடன் பெற்று அவல் ஆலை வைக்க நினைப்பவருக்குப் பதினைந்து லட்சம் மானியமாகவே கழிகிறதென்றால், அது அற்பமான உபகாரமன்று. பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும், பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடும் உண்டு.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘உதிரப்பட்டி’ என்றொரு சொல் வரும். போரில் மாண்டவனுடைய குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம் அது. கல்லில் வெட்டி ஊரறிய நிறுத்திய தானத்தை எவரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இன்றைய உதவிகளோ அரசாணைகளில் உறங்குகின்றன. தட்டி எழுப்புகிறவருக்கே அவை உரியவை. 1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாளென்று அனுஷ்டிக்கப்படுவதும், தாள் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு நாம் காசு போடுவதும் எல்லோரும் அறிந்தவை. அந்தக் காசு போய்ச் சேரும் நிதியிலிருந்து தமக்கும் ஏதேனும் கிடைக்குமா என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கத் துணிபவர் எத்தனை பேர்?

விசாரிக்கச் செல்பவரிடம் முதலில் கேட்கப்படுவது டிஸ்சார்ஜ் புத்தகம். நம் பக்கத்தில் அது நிலப் பத்திரங்களோடு பரண்மேல் தகரப் பெட்டியில் கிடக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன் அதை இறக்கி, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே பதிவாகியிருக்கின்றனவா என்று, கணவர் இருக்கும்போதே இருவரும் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.