எச்சரிக்கையும் ஏற்கும் செவியும்

வங்கியிற் பணம் எடுக்கும்போதும், வைத்தியசாலையில் நோயாளரின் பதிவைத் திறக்கும்போதும், நாம் காணாத ஓர் அறையிலே பல கணினிகள் நமக்காக இயங்குகின்றன. அவற்றை வழங்கிகள் என்பர். இரவு பகல் ஓயாது உழைப்பதால் அவை மிக்க வெப்பத்தை உண்டாக்கும். வழங்கியினுட் புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று என்பது ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் பரிந்துரை. வெப்பத்தையும், விசிறியின் வேகத்தையும், மின் அழுத்தத்தையும் அளப்பதற்கு உணரிகள் உள்ளன. அளவு எல்லை கடந்ததும், அச்செய்தி வலையமைப்பின் வழியே கண்காணிப்பவரை அடைகிறது. அதன்பின் அவர் செய்யவேண்டியது யாது? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

நேயர்களே, இங்கே ஒரு விந்தை உண்டு. வழங்கிகள் பலவற்றில் மின் வழங்கும் பகுதிகள் இரண்டு இருக்கும். ஒன்று பழுதுபட்டால் மற்றையது முழுச் சுமையையும் தாங்கும். பணி தடைப்படாது, எவரும் முறையிடார். உணரியின் அறிவிப்பு ஒன்றே சாட்சி. எல்லாம் ஒழுங்காகத்தானே நடக்கிறது என்று அதனைப் புறக்கணித்தால், இரண்டாவதும் பழுதுறும் நாளில் வழங்கி திடீரென நின்றுவிடும். துன்பம் தோன்றுமுன் வருவதே எச்சரிக்கையின் பயன். அது அலட்சியம் செய்யப்படுவதற்குக் காரணமும் அதுவே.

ஆகவே, முதலிற் செய்யத்தக்கது அயலை நோக்குதல். ஒரு வழங்கி மாத்திரம் வெப்பமுற்றால், அதன் விசிறி நின்றிருக்கலாம். தூசி காற்றை மறித்திருக்கலாம். அயலிலுள்ளவையும் வெப்பமுற்றால், அறையின் குளிரூட்டியையே ஐயுறவேண்டும். ஏனைய அளவுகள் யாவும் சரியாயிருக்க, ஓர் உணரி மட்டும் நம்பத்தகாத எண்ணைக் காட்டின், பழுது உணரியிலேயே இருத்தல் கூடும்.

அடுத்தது, நிலைமைக்கு ஏற்ற செயல். முன்னெச்சரிக்கையாயின், பழுதான உறுப்பை விரைவில் மாற்றலாம். அபாய நிலையாயின், பணியை வேறு வழங்கிக்கு மாற்றி, இதனை முறைப்படி நிறுத்தவேண்டும். தாமதித்தால், வெப்பம் உச்ச எல்லையைத் தொட்டதும் இயந்திரம் தன்னைக் காக்கத் தானே அணைந்துவிடும். எழுதி முடியாத தரவுகள் அழிய நேரலாம்.

மூன்றாவது, பொறுப்பு. பலருக்கு அனுப்பிய செய்தியை ஒருவரும் ஏற்காமல் விடுதல் உண்டு. இன்னார் ஏற்றார், இன்னது செய்தார் என்பது பதிவாதல் வேண்டும். பொய்யெச்சரிக்கைகள் மலிந்தாலோ கேட்பவர் செவி மரத்துப்போகும். அப்போது எல்லையளவைத் திருத்தவேண்டுமேயன்றி, மணியின் வாயை அடைத்தல் ஆகாது.

குளிரூட்டல் தவறுவதால் விளையும் கேட்டினை இலண்டன் மாநகர் கண்டது. 2022 யூலை 19 இல் இங்கிலாந்தின் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியது. அன்று கைஸ், சென் தோமஸ் வைத்தியசாலைகளின் இரண்டு தரவு நிலையங்களும் செயலிழந்தன. மருத்துவர் நோயாளரின் பதிவுகளைக் காணவியலாது, கடதாசியில் எழுதிப் பணியாற்றினர். யாவும் சீராக வாரங்கள் பல சென்றன. ஒன்றுக்குத் துணையாக மற்றொன்று இருந்தாலும், ஒரே வெப்பம் இரண்டையும் வீழ்த்தக்கூடும் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

உணரி அளக்கும், அறிவிக்கும். அதற்குமேல் அதனால் இயலாது. திரையிலே தோன்றும் சிறு எண்ணுக்கு அப்பால் ஒரு நோயாளியின் கட்டில் இருக்கலாம் என நினைத்து எழுந்து செல்பவரே அவ்வறிவிப்பைப் பயனுடையதாக்குகிறார்.