புகைபிடிக்காதவரையும் வதைக்கும் நுரையீரல் நோய்

புது தில்லி: படியேறினால் மூச்சிரைப்பதை முதுமையின் விளைவு என்று ஒதுக்குவோர் பலர். அது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாகவும் இருக்கலாம். இந்தியாவில் 1990-ல் 2.81 கோடியாக இருந்த இந்நோயாளிகள் எண்ணிக்கை, 2016-ல் 5.53 கோடியானது என்கிறது 'லான்செட்' குழும இதழில் 2018-ல் வெளியான ஆய்வு.

பீடி, சிகரெட்டைப் போலவே விறகடுப்புப் புகையும் மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. சேதமடைந்த நுரையீரல் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. ஊதிப் பார்க்கும் 'ஸ்பைரோமெட்ரி' சோதனையே நோயை உறுதிசெய்யும்.

குமரி எல்லைக்கு அப்பால் பூவார், பாறசாலை ஆகிய ஊர்களைக் கொண்ட கேரளம், 'ஸ்வாஸ்' திட்டத்தின் மூலம் இச்சோதனையைக் குடும்ப சுகாதார மையங்களுக்குக் கொண்டுசென்றது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயு இணைப்பு தந்தது; அடுத்த சிலிண்டருக்குப் பணமில்லாத வீடுகளிலோ விறகே எரிகிறது. இணைப்புகளை மட்டும் எண்ணுவது போதாது. ஏழையின் மூச்சையும் அரசு அளந்து பார்க்க வேண்டும்.