கதவு எண் 5/12... எக்ஸெலில் டிசம்பர் 5!

திருத்தணியில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் சாஃப்ட்வேரில் இருந்து வாடிக்கையாளர் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக இறக்கி, எக்ஸெலில் டபுள் கிளிக் செய்து திறந்தால்? 044 என்ற எஸ்டிடி கோடு 44 ஆகிவிடும். கதவு எண் 5/12 தேதியாகிவிடும். தமிழ்ப் பெயர்களும், ஆந்திர எல்லை தாண்டி வருபவர்களின் தெலுங்குப் பெயர்களும் கிறுக்கலாகத் தெரியலாம். அப்படியே சேவ் செய்தால் போன பூஜ்யம் போனதுதான்!

சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து. எது தொகை, எது முகவரி என்ற குறிப்பெல்லாம் அதில் கிடையாது. எக்ஸெல் தானாக ஊகிக்கிறது.

அந்த ஊகத்தை நிறுத்தலாம். காலி எக்ஸெலைத் திறந்து, ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாக ஃபைலை எடுங்கள். ‘ஃபைல் ஆரிஜின்’ இடத்தில் 65001 யூனிகோட், ‘டேட்டா டைப் டிடெக்‌ஷன்’ இடத்தில் ‘டு நாட் டிடெக்ட்’ தேர்ந்தெடுத்து லோடு செய்தால் எல்லாம் உள்ளபடியே வரும். கூட்டல் போட வேண்டிய தொகைகளை மட்டும் பிறகு நம்பராக மாற்றிக்கொள்ளுங்கள்.

சேவ் செய்யும்போது எக்ஸ்எல்எஸ்எக்ஸ்தான். பழைய எக்ஸ்எல்எஸ் வேண்டாம். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும். 2020-ல் இங்கிலாந்தில் ஆய்வகங்களின் சிஎஸ்வி ஃபைல்களை அந்தப் பழைய வடிவத்தில் ஏற்றியதில், 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. தொற்றாளர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் நாள்கணக்கில் தள்ளிப்போனது.