பார்க்காமல் எழுதிய ஜாவா

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995இல் வெளியிட்ட ஜாவாவுக்கு ஒரு பெருமை உண்டு. ஒருமுறை எழுதிய நிரலை எந்தக் கணினியிலும் ஓட்டலாம். நிரல் முதலில் பைட்கோடாக மாறும். அந்தந்தக் கணினியில் உள்ள மெய்நிகர் இயந்திரம் அதைப் படித்து இயக்கும். அந்த இயந்திரமும், கூடவே வரும் பிரம்மாண்டமான நிரல் நூலகமும் சன்னின் பிடியில் இருந்தன. காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், திருத்தி நாலு பேருக்குக் கொடுக்க உரிமை கிடையாது. யாரும் திருத்திப் பகிரலாம் என்னும் கட்டற்ற உரிமத்தில் ஒருவர் எழுதிய நிரலும் சன்னின் ஜாவா இல்லாமல் அசையாது. 2004இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை ஒரு பொறி என்றே எச்சரித்தார். அவர் சொன்னது மிகையில்லை.

மாற்று வேண்டும் என்றவர்கள் அதற்கு முன்பே வேலையில் இறங்கிவிட்டார்கள். காஃபே என்ற மெய்நிகர் இயந்திரமும் ஜிசிஜே என்ற கம்பைலரும் வந்தன. மலைக்க வைத்த வேலை நூலகம்தான். 1998இல் தொடங்கிய குனு கிளாஸ்பாத் அதை முதல் வரியிலிருந்து எழுதத் துணிந்தது. சன்னின் மூலநிரலைப் படித்தவர்கள் அந்தப் பகுதிகளை எழுதக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. படித்தது நினைவில் தங்கி வரிகளில் கசிந்தால், பதிப்புரிமை மீறல் என்று மொத்த உழைப்பும் வழக்கில் சிக்கிவிடும்.

பார்க்காமல் எப்படி எழுதுவது? எது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆவணங்கள் பொதுவில் இருந்தன. ஒரு சொல்லுக்கு ஜாவா தரும் அடையாள எண்ணை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தின் பெரிய ஏ-யும் சிறிய ஏ-யும் அடுத்தடுத்து வரும் சொல். பெரிய ஏ-யின் குறியெண் 65. அதை 31ஆல் பெருக்கினால் 2015. சிறிய ஏ-யின் 97ஐக் கூட்டினால் 2112. இரண்டு பெரிய பி சேர்ந்தாலும் அதே 2112தான் வரும்! இந்த மோதல் உட்பட எல்லாம் ஆவணத்தின் சூத்திரத்திலேயே அடங்கியிருக்கிறது. சூத்திரத்தைப் படித்துத் தன் போக்கில் எழுதினாலும் விடை ஒன்றாகவே இருக்கும். இதே பொறுமையோடு கோப்பு, வலையமைப்பு, திரையில் வரையும் சாளரம் என்று ஒவ்வொன்றையும் எழுதினார்கள். வியக்காமல் இருக்க முடியவில்லை.

2006 நவம்பரில் சன்னே ஜாவாவைக் கட்டற்ற உரிமத்தில் விடுவதாக அறிவித்தது. மறு ஆண்டு நூலகத்தின் மூலநிரலும் வந்தது. ஆனால் எழுத்துரு வரைதல், ஒலி போன்ற சில பகுதிகளில் பிறருக்குச் சொந்தமான நிரல் இருந்ததால் அவற்றைத் திறக்க முடியவில்லை. ரெட் ஹாட் நிறுவனம் தொடங்கிய ஐஸ்டு டீ திட்டம் அந்த ஓட்டைகளை அடைக்க கிளாஸ்பாத்தின் நிரலைக் கொண்டுவந்தது. 2008இல் ஃபெடோரா லினக்ஸில் அந்த ஜாவா அதிகாரபூர்வப் பொருத்தச் சோதனையிலும் தேறியது.

இன்னொன்றும் மிஞ்சியது. நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல்களை அதன் உரிமம் கட்டுப்படுத்தாமலிருக்க கிளாஸ்பாத்காரர்கள் ஒரு விதிவிலக்கைச் சேர்த்திருந்தார்கள். சன் தன் நூலகத்துக்கும் அதே வழியை எடுத்துக்கொண்டது. சன்னை 2010இல் வாங்கிய ஆரக்கிளின் பெயர் தாங்கிய நூலகக் கோப்புகளில், உரிமக் குறிப்பில் இன்றும் 'கிளாஸ்பாத்' விதிவிலக்கு என்றே இருக்கிறது.