வேலையை விடாமலே புதிய திறன் பெறுதல்: ஊழியர்க்குரிய பயிற்சி உரிமைகளும் வாய்ப்புகளும்

நமது நகரப் பகுதியில் வாழும் தமிழ் மக்களுள் பலர் பராமரிப்பு இல்லங்கள், பல்பொருள் அங்காடிகள், பண்டகசாலைகள், பேருந்துச் சேவை, மருத்துவமனைத் துப்புரவு ஆகியவற்றில் பணிபுரிகின்றனர். தாயகத்தில் க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்தவர்களும் பட்டம் பெற்றவர்களும் இவர்களுள் உளர். வந்த காலத்தில் கிடைத்த வேலையிலேயே பத்து, பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு. வேலையை விட்டுப் படிப்பதற்குக் குடும்பச் செலவு இடந்தருவதில்லை. எனவே, வேலையில் இருந்தபடியே திறனை வளர்ப்பதற்குச் சட்டம் தரும் உரிமைகளையும் லண்டனில் உள்ள வாய்ப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொழில்தருநர் கட்டாயமாக அளிக்கவேண்டிய பயிற்சி

சில பயிற்சிகள் தொழில்தருநரின் விருப்பத்தைப் பொறுத்தவை அல்ல. 1974ஆம் ஆண்டின் வேலைத்தளச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஊழியர் பாதுகாப்பாக வேலை செய்வதற்குத் தேவையான பயிற்சியை வழங்குவது தொழில்தருநரின் கடமையாகும். பாரம் தூக்குதல், தீயிலிருந்து தப்புதல், இரசாயனப் பொருள்களைக் கையாளுதல் ஆகியவை இதில் அடங்கும். இப்பயிற்சி வேலை நேரத்துக்குள்ளேயே நடைபெறவேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. இதற்காக ஊழியரிடம் கட்டணம் அறவிடவும் இயலாது.

தொழில்தருநர் கட்டாயப்படுத்தும் ஏனைய பயிற்சிகளுக்கும் செலவிடும் நேரம், குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்கிடும்போது பொதுவாக வேலை நேரமாகவே கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, பராமரிப்பு இல்லம் ஒன்றில் பணிபுரியும் ஒருவரை, பகல் முழுதும் வேலை செய்தபின் வீட்டிலிருந்து கணினி வழியாக மூன்று பாடங்களை முடிக்கும்படி மேலாளர் பணிப்பதாகக் கொள்வோம். அந்த நேரத்துக்குக் கொடுப்பனவு இல்லை எனில், அவரது உண்மையான மணித்தியால ஊதியம் சட்டம் விதித்த அளவிலும் கீழே இறங்கிவிடக்கூடும். ஆகவே, பயிற்சிக்குச் செலவிட்ட நாளையும் நேரத்தையும் குறித்து வைப்பது நன்று.

வேலையை விட்டு விலகும்போது பயிற்சிச் செலவைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. முன்கூட்டியே எழுத்தில் உடன்பட்டிருந்தாலன்றி அவ்வாறு கழித்தல் கூடாது. உடன்பட்டிருந்தாலும், பயிற்சி கட்டாயமானதாயின், கழிவின் காரணமாக ஊதியம் குறைந்தபட்ச அளவிற்குக் கீழே செல்லுதல் ஆகாது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர் இப்பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

பயிற்சிக்கு நேரம் கேட்கும் உரிமை

2010 ஏப்ரல் முதல், பயிற்சி பெறவோ படிக்கவோ நேரம் ஒதுக்கித் தருமாறு விண்ணப்பிக்கும் உரிமை ஊழியர்க்கு உண்டு. இது 1996ஆம் ஆண்டின் தொழில் உரிமைகள் சட்டத்தின் 63டி பிரிவில் உள்ளது. இதற்கான நிபந்தனைகள் வருமாறு:

• நிறுவனத்தில் குறைந்தது 250 பேர் பணிபுரிதல் வேண்டும்.
• நீங்கள் அங்கு தொடர்ச்சியாக 26 வாரங்களாவது பணியாற்றியிருத்தல் வேண்டும்.
• சட்டப்படி நீங்கள் ஊழியராக இருத்தல் வேண்டும். முகவர் நிறுவனம் வழியாக வேலை செய்வோர்க்கு இவ்வுரிமை இல்லை.
• அப்பயிற்சி உங்கள் வேலைத்திறனையும் நிறுவனத்தின் செயற்பாட்டையும் மேம்படுத்துவதாக இருத்தல் வேண்டும்.

பெரிய அங்காடி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிறுவனங்கள் பலவும் இந்த 250 பேர் வரம்பைக் கடந்தவை. ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: இது கேட்பதற்கான உரிமையே. நேரத்துக்குச் சம்பளமோ பயிற்சிக்குக் கட்டணமோ தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும், விண்ணப்பத்தைத் தகுந்த முறையில் பரிசீலிக்காது ஒதுக்கிவிட இயலாது.

விண்ணப்பிக்கும் முறை

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். அதில் திகதியையும், இது 63டி பிரிவின் கீழான விண்ணப்பம் என்பதையும் குறிப்பிடுங்கள். பயிற்சியின் பொருள், நடைபெறும் இடம், நேரம், நடத்துவோர், பெறவிருக்கும் தகைமை (இருப்பின்), அது வேலைக்கும் நிறுவனத்துக்கும் எவ்வாறு பயன்படும் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். கடைசியாகக் கூறியதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கும். “ஆங்கிலம் கற்க விரும்புகிறேன்” என்று மட்டும் எழுதுவதைவிட, “முதியோரின் பராமரிப்புக் குறிப்புகளைப் பிழையின்றி எழுதவும், பணி மாற்றத்தின்போது தகவலைச் சரியாக ஒப்படைக்கவும் இவ்வகுப்பு உதவும்” என்று எழுதுவது பயன்தரும்.

தொழில்தருநர் பொதுவாக 28 நாள்களுக்குள் விண்ணப்பத்தை ஏற்கவேண்டும். அன்றேல் உங்களைச் சந்தித்துப் பேசவேண்டும். சந்திப்புக்கு உடன்பணியாளர் ஒருவரை அழைத்துச் செல்லலாம். சந்திப்பு நடந்து 14 நாள்களுக்குள் முடிவு அறிவிக்கப்படவேண்டும். மறுப்பதாயின், சட்டம் கூறும் காரணங்களுள் ஒன்றைக் காட்டவேண்டும். மேலதிகச் செலவு, வாடிக்கையாளர் சேவை பாதிக்கப்படுதல் போன்றவை அவற்றுட் சில. மறுப்புக்கு எதிராக 14 நாள்களுக்குள் எழுத்தில் மேன்முறையீடு செய்யலாம். வழமையாக 12 மாதங்களுக்கு ஒரு விண்ணப்பமே செய்யமுடியும். விண்ணப்பித்த காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதும் துன்புறுத்துவதும் சட்டவிரோதமாகும்.

தொழிற்பயிலுநர் பயிற்சி

அப்ரென்டிஸ்ஷிப் என்பது பள்ளி முடித்த இளைஞர்க்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. 16 வயதுக்கு மேல் இதற்கு வயதெல்லை இல்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவரும், புதிய பொறுப்புக்குரிய திறன்களைக் கற்கவேண்டியிருப்பின், அதே நிறுவனத்தில் இப்பயிற்சியைப் பெறலாம். கற்பதற்கான நேரம் சம்பளம் பெறும் வேலை நேரத்துக்குள் அமையவேண்டும். பயிற்சிக் கட்டணத்தைப் பயிலுநரிடம் வாங்கலாகாது.

ஆண்டு ஊதியச் செலவு 30 இலட்சம் பவுணைத் தாண்டும் தொழில்தருநர்கள், 2017 ஏப்ரல் முதல் இதற்கென 0.5 வீத வரி செலுத்தி வருகின்றனர். எனவே பெரிய நிறுவனமொன்றில் பணிபுரிபவர், “நமது நிறுவனத்தில் எனக்குப் பொருத்தமான தொழிற்பயிலுநர் பயிற்சி உண்டா?” என்று மனிதவளப் பிரிவிடம் கேட்பதில் தயங்கவேண்டியதில்லை. 19 வயதும் அதற்கு மேலும் உள்ளோர், பயிற்சியை நிறைவுசெய்ய ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் தனித் தகைமை பெறவேண்டும் என்ற கட்டாயமும் 2025 பெப்ரவரியில் தளர்த்தப்பட்டது. அது தொழில்தருநரின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது. எனினும், சேர்வதற்கு முன் உங்கள் சம்பளத்திலோ வேலை நேரத்திலோ மாற்றம் வருமா என்பதை எழுத்தில் கேட்டறியுங்கள்.

சிறிய நிறுவனங்களில் பணிபுரிவோர்

சிறு கடைகள், எரிபொருள் நிலையங்கள், உணவகங்கள் ஆகியவற்றில் பணிபுரிவோர்க்கு 63டி பிரிவு பொருந்தாது. அவர்களும் மேலாளரிடம் கேட்கலாம். வேலை நேரத்தை மாற்றித் தருவது பலவேளைகளில் இயலக்கூடியதே. அதற்கு அப்பால் மாலை, வார இறுதி வகுப்புகளும் உள்ளன. உழைப்பவர்க்கு மாலையில் கல்வி அளிக்கும் மரபு லண்டனுக்குப் புதிதன்று. இன்றைய பேர்க்பெக் கல்லூரி 1823இல் தொழில்வினைஞர்க்கான நிறுவனமாகத் தொடங்கியதே.

லண்டனில் வயதுவந்தோர் கல்விக்கான அரச நிதி 2019 ஆகஸ்ட் முதல் லண்டன் மேயரின் பொறுப்பில் உள்ளது. வேலையில் இருந்தும் லண்டன் வாழ்வூதியத்திலும் குறைவாகப் பெறுவோர்க்கு இந்நிதியின் கீழுள்ள பல பயிற்சிநெறிகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4ஆம் தரம் பெறாத வயதுவந்தோர் அப்பாடங்களை இலவசமாகக் கற்கலாம். குடிவரவு நிலை, இந்நாட்டில் வாழ்ந்த காலம் ஆகியவை குறித்த நிபந்தனைகள் உள்ளதால், சேரும் முன் கல்லூரியில் விசாரியுங்கள். அண்மைய சம்பளச் சீட்டையும் அடையாள ஆவணத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

தாயகத் தகைமைகள்

இலங்கையிலோ இந்தியாவிலோ பெற்ற சான்றிதழைப் பயனற்றதென ஒதுக்கிவிடாதீர்கள். அது இந்நாட்டின் எத்தரத்துக்கு இணையானது என்பதை யூ.கே. எனிக் என்னும் நிறுவனம் கட்டணம் பெற்று எழுத்தில் உறுதிப்படுத்தும். இதனால் ஏற்கெனவே கற்றதை மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்கும் நிலையைத் தவிர்க்கலாம்.

உதவி பெறுமிடங்கள்

• ஏகாஸ்: தொழில் உரிமைகள் பற்றிய இலவச ஆலோசனை. தொலைபேசி: 0300 123 1100. தீர்ப்பாயத்துக்குச் செல்வதற்கான கால எல்லை குறுகியது என்பதால், சிக்கல் எழுந்தவுடன் அழையுங்கள்.
• நேஷனல் கரியர்ஸ் சேர்விஸ்: பயிற்சி, தொழில் மாற்றம் பற்றிய இலவச வழிகாட்டல். தொலைபேசி: 0800 100 900.
• தொழிற்சங்கம்: அங்கீகரிக்கப்பட்ட சங்கம் உள்ள வேலைத்தளங்களில் கற்றல் பிரதிநிதி ஒருவர் இருக்கக்கூடும். விண்ணப்பம் எழுதவும் அவர் உதவுவார்.
• உள்ளூர் நூலகமும் வயதுவந்தோர் கல்வி நிலையமும்: அருகிலுள்ள வகுப்புகள், சேர்க்கை நாள்கள் பற்றிய விவரங்களை இங்கு பெறலாம்.

ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவது கடினமாயின், பிள்ளைகளையோ நண்பரையோ துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியொன்றை எப்பொழுதும் உங்களிடம் வைத்திருங்கள்.