உங்களுக்குத் தெரியுமா? பழகிய டாக்டரும் ஆயுளும்

வயதானவர்கள் எத்தனை முறை டாக்டரிடம் போகிறார்கள் என்பதைவிட, ஒரே டாக்டரிடம் போகிறார்களா என்று கேட்டுப் பார்த்தது ஒரு நெதர்லாந்து ஆய்வு. 60 வயதைத் தாண்டிய 1,712 பேரை 17 ஆண்டுகள் கவனித்தார்கள்; முடிவு 2016-ல் வெளியானது. குடும்ப டாக்டர் அதிகம் மாறிப்போனவர்களுக்கு, ஒரே டாக்டரிடம் நிலைத்தவர்களைவிட இறப்பு அபாயம் சுமார் 20 சதவீதம் கூடுதல்!

நார்வேயில் 2001 முதல் மக்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரு குடும்ப டாக்டரின் பட்டியலில் பதிவாகிறார்கள். யார் யாரிடம் எத்தனை ஆண்டாகப் போகிறார் என்பது அரசுப் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஆய்வாளர்களுக்கு இதைவிட வசதி ஏது? சுமார் 45 லட்சம் பேரின் விவரங்களை அலசிய ஆய்வு 2022-ல் வந்தது. ஓராண்டுப் பழக்கத்தோடு ஒப்பிட்டால், 15 ஆண்டுக்கு மேல் ஒரே டாக்டரிடம் இருந்தவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆஸ்பத்திரியில் சேர்வதும், நேரங்கெட்ட நேரத்தில் அவசர சிகிச்சைக்கு ஓடுவதும்கூடக் குறைந்தன.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்த வலியை நோயாளி வாய்விட்டுச் சொல்ல மாட்டார் என்பதெல்லாம் எப்போதும் ஃபைலில் இருக்காது. பழகிய டாக்டருக்குத் தெரியும். ஆனால் இவை கவனித்து எழுதிய ஆய்வுகள்தான், பரிசோதனைகள் அல்ல. நோய் முற்றி, வீடு மாறி, அதனாலேயே டாக்டரையும் மாற்ற நேர்ந்தவர்களும் அந்தக் கணக்குக்குள் இருக்கக்கூடும்.