"ஹவுஸ்புல்" போர்டு பார்த்து ஏமாறாதீர்கள்! கடைசி நேரத்திலும் கவுண்டரில் டிக்கெட் உண்டு

சென்னை,
புதுப்படம் வெளியாகும் வெள்ளிக்கிழமை. ஆபீஸ் விட்டும், கடையைச் சாத்தி விட்டும் ஓட்டமும் நடையுமாக தியேட்டருக்கு வருகிறார்கள். வாசலில் "ஹவுஸ்புல்" போர்டு! முகம் தொங்கிப் போகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆசாமி பக்கத்தில் வந்து ஒட்டிக் கொள்கிறான்.

"என்ன சார், ரெண்டு வேணுமா? படம் போடப் போறான். சீக்கிரம் சொல்லுங்க!"

இந்த "சீக்கிரம்" என்ற ஒரு வார்த்தையில்தான் பிளாக் டிக்கெட் வியாபாரமே நடக்கிறது. அவசரப்பட்டவர் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அழுதுவிட்டு உள்ளே போகிறார். பத்து நிமிஷம் பொறுத்தவருக்கு பல நாள் கவுண்டரிலேயே, சரியான விலைக்கு டிக்கெட் கிடைத்து விடுகிறது.

சர்க்கார் போட்ட விலை

தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு இஷ்டப்படி விலை வைக்க முடியாது. சர்க்கார் வரம்பு கட்டுகிறது. முன்பு மல்டிபிளக்ஸ் தியேட்டர்களில் அதிகபட்சம் 120 ரூபாய். நூற்றுக்கு 10 சீட்டை 10 ரூபாய்க்கு கொடுக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. அந்த 10 ரூபாய் டிக்கெட்டுக்காக கவுண்டர் திறக்கும் முன்பே வந்து கியூவில் நின்ற கல்லூரி மாணவர்கள் ஏராளம்.

2017 அக்டோபரில் விலை மாறியது. மல்டிபிளக்ஸில் குறைந்தது 50 ரூபாய், அதிகம் 150 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். வரி தனி.

வரியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைந்தது. 100 ரூபாய்க்கு மேல் போனால் 18 சதவீதம். ஆகவே முன்வரிசைக்காரருக்கு இரட்டை லாபம். விலையும் குறைவு, வரியும் குறைவு. கழுத்து கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்!

எங்கிருந்து வருகிறது?

"ஹவுஸ்புல் ஆன பிறகு டிக்கெட் எப்படி வரும்?" என்று கேட்கலாம். வரும்.

போனில் ஒருவர் சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் அது மற்றவருக்கு கிடைக்காது. அவர் சில நிமிஷத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அதே சீட்டு மறுபடி விற்பனைக்கு வந்து விடும். அடுத்தது, வேண்டியவர்களுக்கு என்று பல தியேட்டர்களில் எடுத்து வைக்கும் சீட்டுகள். ஆள் வராவிட்டால் ஷோ தொடங்கும் நேரத்தில் அவையும் கவுண்டருக்கு வரும். மூன்றாவது ஒற்றை சீட்டு. எல்லாரும் இரண்டு, நான்கு என்று சேர்த்து எடுப்பதால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிச்சம் விழும். நான்கு பேர் சேர்ந்து உட்கார வேண்டும் என்று அடம் பிடிக்காதவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கும்.

கவுண்டரில் வாங்கினால் இன்டர்நெட் புக்கிங்குக்கு தனியாக பிடிக்கும் கட்டணமும் மிச்சம்.

ஒரே டிக்கெட், ஐந்து பேர்!

முன்பு பிளாக்கில் வாங்கினாலும் கையில் ஒரு காகிதம் இருக்கும். இப்போது போனில் ஒரு படம்தான் வருகிறது. பணம் வாங்கிய பேர்வழி அதே படத்தை ஐந்து பேருக்கு அனுப்பி இருந்தால் உங்களுக்கு எப்படி தெரியும்? வாசலில் முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போவார். மற்ற நால்வர் வெளியே நின்று போனைப் பார்த்துக் கொண்டு இருக்க வேண்டியதுதான். திரும்ப கூப்பிட்டால் அந்த நம்பர் "சுவிட்ச் ஆப்"!

முன்பின் தெரியாத ஆளிடம் வாட்ஸ்அப்பில் வரும் டிக்கெட்டுக்கு பணம் அனுப்பாதீர்கள். கவுண்டரிலேயே கூடுதல் விலை கேட்டால் டிக்கெட்டை பத்திரமாக வைத்துக் கொண்டு புகார் கொடுங்கள்.

உயிரை விட பெரிதா?

முதல் நாள் முதல் காட்சிதான் எல்லா அவசரத்துக்கும் காரணம். ரசிகர் ஷோ என்ற பெயரில் டிக்கெட் மொத்தமாக கைமாறும் போது, விலையும் கைமீறிப் போகிறது.

2023 ஜனவரி 11-ந் தேதி "துணிவு" நள்ளிரவு 1 மணிக்கும், "வாரிசு" அதிகாலை 4 மணிக்கும் தொடங்கின. அன்று கோயம்பேட்டில் தியேட்டர் முன்பு லாரி மீது ஏறி ஆடிய 19 வயது வாலிபர் கீழே விழுந்து இறந்து போனார். படம் பார்க்க வந்த பிள்ளையை வீட்டுக்கு பிணமாக கொண்டு போனார்கள். அதன் பிறகு அதிகாலை காட்சிகளுக்கு கெடுபிடி வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி "லியோ" படத்தின் முதல் காட்சியே காலை 9 மணிக்குத்தான்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் பொறுத்தால் போதும். திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு பெரும்பாலும் கூட்டம் குறைந்து விடும். பிளாக் ஆசாமியும் கடையைக் கட்டி விடுவான்.

நல்ல படம் என்றால் திங்கட்கிழமையும் ஓடும். ஓடாத படத்துக்கு பிளாக்கில் பணம் கொடுப்பானேன்?